பணம் இருந்தது, கை மறந்திருந்தது

(ஆந்திர எல்லையில், நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் காணும் பொங்கல் மாலையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘ஊரைச் சேர்த்து வைத்திருப்பது காசுக்கொடையா, கைக்கொடையா?’ கைக்கொடை அணியில் பேசிய பெண்ணின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தர்மராஜா கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், பாய் விரித்து முன்னால் இடம் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்கும், என் டுவாக்ரா மகளிர் சுயஉதவிக் குழு அக்கா தங்கைகளுக்கும் வணக்கம். பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே, அந்தரிகி நமஸ்காரம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். அவர் கேட்டது இதுதான்: “எனக்கு ஷிப்ட். கோயிலில் மகாபாரதக் கூத்து நடக்கும் பதினெட்டு நாள் பாரதத் திருவிழாவுக்கு லீவு கேட்டால் வேலையே இருக்காது. என் கை வர முடியாது, என் சம்பளம் வருகிறது. அது கொடை இல்லையா?” அவருக்கு முன்னால் பேசிய அக்கா, பள்ளிக்கூடச் சுவரையும் தண்ணீர் பிளாண்டையும் காட்டி, “இது கையால் வந்ததா, காசால் வந்ததா?” என்றார். முதலில் பேசிய ஐயா இன்னும் ஒரு படி மேலே போனார். “கைக்கொடை என்று இனிக்க இனிக்கச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் யார் கை சும்மா உழைத்தது, யார் கை வேடிக்கை பார்த்தது என்று இந்த ஊருக்குத் தெரியாதா?” என்றார்.

மூன்று கேள்வியிலும் கனமானது அந்த ஐயா கேட்டதுதான். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அதற்கு முன்னால், நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நம் ஊர் பாரதத்துக்குக் காப்புக் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஏரியிலிருந்து மண் எடுத்துக் கோயில் மைதானத்தில் கொட்டி, சாக்குப் போட்டு மூடியிருந்தோம். கூத்து ஜமாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. எல்லாம் அப்படியே நின்றது. அடுத்த வருஷமும் நடக்கவில்லை. 2022-இல்தான் மறுபடி கொடி ஏற்றினோம்.

அந்த இரண்டு வருஷமும் ஊர்ப்பணம் எங்கேயும் போகவில்லை. தலைக்கட்டு வரியாக வாங்கியது வங்கியில் பத்திரமாக இருந்தது, வட்டியும் சேர்ந்திருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் போனிலேயே அனுப்பியது வேறு. கணக்கு வாசித்தபோது எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. இவ்வளவு பணத்தோடு நம் ஊர் பாரதம் அதற்கு முன்னால் தொடங்கியதே இல்லை.

ஆனால் துரியோதனன் சாகும் படுகள நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவனை மண்ணால் பெரிய உருவமாகப் போட இறங்கினோமே, அப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த இடைவெளியில் நாலு பெரியவர்கள் போய்விட்டார்கள். அதில் ஒருவர் பானை செய்யும் குலாலர் வீட்டுத் தாத்தா. மார்பு மேடு எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது அவர் கண்ணளவு. கயிறு போட்டு அளந்து பார்த்ததில்லை, யாருக்கும் எழுதி வைக்கவும் இல்லை. பையன்கள் மண்ணைக் குழைத்தார்கள். தொடை இரண்டு தடவை சரிந்தது. மூக்கு வைத்தார்கள், பத்து மணி வெயிலுக்கே வெடித்துப் பிளந்தது. வைக்கோலை ஒரு சாண் வெட்டுவதா, விரல் நீளமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொருளாளர் பையோடு பக்கத்திலேயே நிற்கிறார். “என்ன வேண்டும் சொல்லுங்கள், இப்போதே வாங்கி வருகிறேன்” என்கிறார். அவரிடம் எதை வாங்கி வரச் சொல்வது?

பணம் இருந்தது, நடுவர் ஐயா. கை மறந்திருந்தது.

அப்புறம் யாரோ சொல்லி, தாத்தாவின் மனைவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். எண்பது வயது தாண்டிய பாட்டி. பாரத மண்ணை அவர் தொட்டதே இல்லை, பெண்கள் தொடுகிற வழக்கம் அப்போது இங்கே கிடையாது. ஆனால் ஐம்பது வருஷம் ஓரத்தில் நின்று பார்த்தவர். ஒரு பிடி மண் கொடு என்று வாங்கினார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கையைத் திருப்பிக் காட்டினார், மண் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. “தண்ணி ஜாஸ்தி. உமி பத்தலை. சாணி கரைச்சு ஊத்தி, வைக்கோலைச் சின்னதா நறுக்கிப் போட்டு மிதிச்சு, ஒரு ராத்திரி மூடி வை. காலையில தொடு” என்றார். அந்த ஒரு ராத்திரிதான் எங்களுக்கு மிச்சம் இருந்தது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல், இதோ முன்வரிசையில் இருக்கிற இரண்டு அண்ணன்கள் பக்கத்து ஊரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊர் பாரதம் அந்த வருஷம் நமக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. கையில் ஒரு கயிறு, அதில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தது. கழுத்துக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று. அவர்கள் அப்பா காலத்துக் கயிறாம். நம் மைதானத்தில் அதை நீட்டிப் போட்டு, விடியற்காலை நாலு மணிக்கே மண்ணில் இறங்கி, நம் பையன்களோடு சேர்ந்து போட்டார்கள். அன்றுதான் நானும் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண் மிதித்தேன். என்னோடு இன்னும் ஆறு பெண்கள். ஆள் போதவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் மிதிக்கிறோம்.

எல்லாம் முடிந்ததும் பொருளாளர் அந்த அண்ணன்களிடம் கவரை நீட்டினார். வாங்கவில்லை. “எங்கள் கங்கம்மா ஜாத்திரைக்கு உங்கள் பெண்கள் வந்து கோலம் போட வேண்டும், புள்ளி வைத்த சிக்குக் கோலம்” என்றார்கள். கோலத்தை அவர்கள் பக்கம் முக்கு என்று சொல்வார்கள். பூவும் தாமரையும் நன்றாகப் போடுவார்கள், நம் சிக்குக் கோலத்தில் அவர்களுக்கு ஒரு பிரியம். வைகாசியில் நாங்கள் போனோம். அன்றைக்குத் தொடங்கியது, இன்று பொங்கலுக்கு அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கவரை அவர்கள் வாங்கியிருந்தால் கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

துரியோதனன் எப்படி இருப்பான் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த மருமகள்களுக்காகச் சொல்கிறேன். மல்லாந்து படுத்திருப்பான், தலை முதல் பாதம் வரை 30 அடிக்குக் குறையாது. ஒரு காது மட்டும் ஒரு முறம் அகலம். உடம்புக்கு மஞ்சளும் குங்குமமும் செம்மண்ணும், கண்ணுக்குச் சுண்ணாம்பு, மீசைக்கு அடுப்புக் கரி. தொடைக்குள் ஒரு சின்னப் பானையைப் புதைப்போம். அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், ஆரத்திக்குக் கரைக்கிறோமே அதே தண்ணீர். விடிய விடிய பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்து, காலையில் பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் ஓங்கிப் போடுவார். பானை உடையும். பாஞ்சாலி விரித்த கூந்தலை அந்தச் சிவப்பில் நனைத்து முடிவாள். அடுத்த நிமிஷம் கூட்டம் மொத்தமும் மண்ணில் பாயும். ஆளுக்கு ஒரு பிடி. சிலர் நெல் குதிரில் போடுவார்கள், சிலர் வயலில் தூவுவார்கள், சிலர் மாட்டுக் கொட்டகை நிலையில் அப்புவார்கள். மதியத்துக்குள் துரியோதனன் படுத்திருந்த இடம் வெறும் மேடு. மிச்ச மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்போம்.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டிலிருந்து அடித்து வந்து நம் ஏரியில் படிந்த வண்டல் அது. மாசியில் தண்ணீர் இறங்கியதும் எடுக்கிறோம். பங்குனியில் அது துரியோதனன். சித்திரையில் வயலுக்குப் போய்விடுகிறது. ஆடிப் பட்டத்தில் அதில் வேர்க்கடலை விதைக்கிறோம். பொங்கப் பானையும் அதே ஏரி மண்தான். நேற்று முன்தினம் நீங்கள் எல்லோரும் பொங்கல் வைத்தீர்களே, மண் பானையில் வைத்த வீடுகளைக் கேட்கிறேன், அந்தப் பானையின் அடியைத் தடவிப் பார்த்தீர்களா? சக்கரத்தில் சுற்றி எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. அப்புறம் உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். ஒவ்வொரு தட்டும் லேசான பள்ளமாக விரலில் படும். இரண்டாம் நம்பர் தெரு மருமகள் ஒருத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அத்தை, பானை பூரா யாரோ விரல் வெச்ச மாதிரி இருக்குது” என்றாள். எனக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை.

சரி. அந்த 2022 திருவிழா முடிந்து ஊர்க்கூட்டம் போட்டோம். ஒரு பெரிய மனிதர் எழுந்தார். இந்த ஊர்க்காரர்தான், வெளியூரில் நன்றாக இருக்கிறார். நல்ல மனசோடுதான் சொன்னார். “வருஷா வருஷம் இந்த அவஸ்தை எதற்கு? சிமெண்டில் ஒரு துரியோதனனைச் செய்து பெயிண்ட் அடித்துவிடலாம். முழுச் செலவும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.” சில ஊர்களில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். நம் கூட்டத்திலும் பாதிப் பேர் தலையாட்டினார்கள், எனக்கே ஒரு கணம் சரி என்று பட்டது. பாட்டி அன்றைக்கும் நாற்காலியில் இருந்தார். அவர் கேட்டார்: “சிமெண்டுன்னா பீமன் எதை உடைப்பான்? ஜனம் எதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்?”

நடுவர் ஐயா, என் அணியின் வாதம் முழுவதும் அந்தப் பாட்டியின் கேள்விக்குள் இருக்கிறது. மண் கரைகிறது, மாவிலை காய்கிறது, கோலம் எறும்புக்குப் போகிறது, கூழ் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. தீர்ந்து போவதால்தான் அடுத்த வருஷமும் நாம் ஒருவர் வாசலில் ஒருவர் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சிமெண்டு துரியோதனன் ஐம்பது வருஷம் கிடப்பான். ஐம்பது வருஷமும் மண் மிதிக்க வா என்று யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

தண்ணீர் பிளாண்டும் பள்ளிச் சுவரும் காசால்தான் வந்தன. மறுக்கவில்லை. நன்றி சொல்லிக் குடிக்கிறோம். ஆனால் தலைப்பு ஊரைச் சேர்த்து வைப்பது பற்றியது. பிளாண்டில் நாணயத்தைப் போட்டு, இருபது லிட்டர் கேனை நிரப்பி, வண்டியில் வைத்து அவரவர் போய்விடுகிறோம். பழைய கிணற்றடியில் நடந்த பேச்சு அங்கே நடப்பதில்லை. அக்காவே அதை ஒருநாள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

இப்போது அந்த ஐயாவின் கேள்விக்கு வருகிறேன்.

என் மாமனாரின் அப்பா காலத்தில் இந்த ஊரில் பறை அடித்தவருக்கும், பந்தத்துக்குத் துணி கொடுத்த வண்ணாருக்கும், பானை கொடுத்த குலாலருக்கும் அறுவடைக் களத்தில் நெல் அளந்தார்கள். அளந்தது கொஞ்சம். வர முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வழி இல்லை. அதே சமயம் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கைகளும் இருந்தன. ஏரி வேலையும் அப்படித்தான். ஊரார் கூடி ஏரியைச் செப்பனிட்டதைக் குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் 1858-இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டு, ஏரி வேலைக்கு வராத குடியானவனுக்குத் தண்டம் வைத்தான். கட்டாயத்தில் நீட்டிய கையைக் கொடை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐயா சொன்னது உண்மை. அந்தக் கை பறிக்கப்பட்ட கை.

அதற்காகக் காசு போதும், கை வேண்டாம் என்று முடிவுக்கு வந்தால் என்ன ஆகும்? நம் ஊரிலேயே பார்த்தோம். 2022-க்கு அப்புறம் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். பறை அடிக்கிற தம்பிகளுக்கும், கூத்து ஜமாவுக்கும், பானை செய்கிற வீட்டுக்கும் முழுக் கூலி, பேசிய தொகை, காப்புக் கட்டும் முன்பே கையில். அது அவர்கள் தொழில், அவர்கள் கலை. அதைச் சும்மா கேட்கக் கூடாது. மண் மிதிப்பது, கூழ் காய்ச்சுவது, பந்தி பரிமாறுவது, எச்சில் இலை எடுப்பது, இதெல்லாம் கைக்கொடை, எல்லாத் தெருவுக்கும் உண்டு, தெருவுக்கு ஒரு நாள் சுற்று.

முதல் வருஷம் இலை எடுக்கிற நாளில் சில வீடுகள் என்ன செய்தன தெரியுமா? ஆளுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துப் பதிலுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசுக்கொடையால் பின்வாசல் திறந்தது, பழைய ஏற்பாடு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் இரண்டாம் வருஷம் பதிலாள் கிடையாது என்று சொன்னோம். முடியாதவர்கள், வயதானவர்கள் வர வேண்டாம், மற்றவர்கள் அவரவர் கையோடு வர வேண்டும். அந்த வருஷம் பொருளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் இலையை எடுத்தார். அவர் பின்னால் அவர் மகன். அவர்கள் இரண்டு பேரும் எடுத்த இலையில் சாப்பிட்டது யார் என்பதையும் ஊர் பார்த்தது. ஐயா, எத்தனை லட்சம் நன்கொடை கொடுத்தாலும் அந்தக் காட்சி இந்த ஊருக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான். சரி செய்து முடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை, தொடங்கியிருக்கிறோம்.

கூலி வேறு, கொடை வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் கைத்தொழில் செய்கிறவர் பட்டினி கிடப்பார். எதிரணி காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியத்தை இழுத்தார்கள், காசு இல்லாமல் அது பிழைத்திருக்குமா என்று. பிழைத்திருக்காதுதான். அந்தத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு பரவும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்க விட வேண்டும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம் தொட வேண்டும். மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிய பேனாவால் கோடு கோடாக இழுத்து, ஓடுகிற தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும். ஒரு துணிக்குள் இத்தனை நாள் இருக்கிறது. கைத்தொழில்களுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் முயற்சி எடுத்து அங்கே பயிற்சி நிலையம் வரச் செய்தார்கள், அதனால் அடுத்த தலைமுறைக்குக் கை பழகியது. அந்த ஊர்க் கலம்காரிக் கலைஞர் குரப்பச் செட்டி அவர்களுக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதையெல்லாம் நான் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன். காளஹஸ்தியில் காசு கையைத் தேடிப் போனது, கையைப் பழக்கிக் கொடுத்தது. என் அணி அதற்கு எதிரி இல்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கையை வீட்டில் வைத்துக்கொள்வதற்குத்தான் எதிரி.

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோமே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அது நெஞ்சுக்கு நெருக்கம். கேழ்வரகு மாவு ஒரே வீட்டிலிருந்து வராது. வீட்டுக்கு ஒரு படி, அரைப்படி, முடிந்தது. ஒருவர் மாவு கறுப்பாக இருக்கும், ஒருவர் மாவு சிவப்பாக இருக்கும், ஒரு மாவில் கொஞ்சம் கல் கூட இருக்கும். எல்லாம் ஒரே அண்டாவில் முதல் நாள் ராத்திரியே கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, துடுப்பைக் கீழே அடியோடு ஒட்டிக் கிண்ட வேண்டும். நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். ஒருத்திக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் முடியாது, தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் துடுப்பு கை மாறிக்கொண்டே இருக்கும். மாமியாரோடு பேச்சு நின்று போன மருமகள் ஒருத்தி, அவர் கையிலிருந்துதான் துடுப்பை வாங்க வேண்டியிருந்தது. வாங்கினாள். “பாத்து, சூடு” என்றார் மாமியார். ஏழு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் வார்த்தை அது. கேட்டரிங்காரரிடம் கூழுக்கு ஆர்டர் கொடுக்கலாம், ருசியாகவும் இருக்கும். அந்தத் துடுப்பு அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்திருக்காது.

பாரதத்தில் பகாசுரன் வண்டியும் அப்படித்தானே? பீமன் வேஷக்காரர் மாட்டு வண்டியில் உட்கார்ந்து தெருத் தெருவாக வருவார். எல்லா வீட்டிலிருந்தும் சோறும் வடையும் பழமும் வண்டியில் ஏறும். அசுரனுக்குப் போகிற சோற்றைப் பீமன் வழியிலேயே சாப்பிடுகிற கதை. மிச்சம் எல்லாம் பிள்ளைகளுக்கு. எந்த வடை எந்த வீட்டு வடை என்று தெரியாமல் தின்போம். சின்ன வயதில் பள்ளிப்பட்டில், என் அம்மா சுட்ட வடையை நான் தேடித் தேடிப் பார்ப்பேன், ஒருமுறை கூடக் கிடைத்ததில்லை.

எல்லையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் தம்பியிடம் வருகிறேன். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்த மாநிலத்தோடு போனது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, நடுவராக வந்த படாஸ்கர் பேசி முடித்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பக்கம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. என் பிறந்த வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். புகுந்த வீடு இந்தப் பக்கம், ஆந்திராவில். பள்ளிக்கூடப் பாஷை மாறியது, ரேஷன் கார்டு மாறியது, பஸ் போர்டு மாறியது. நிதி என்று வந்தால் கோட்டைத் தாண்டாது, அந்தப் பக்கத்துப் பணம் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்துப் பணம் இந்தப் பக்கம், அதில் தப்பும் சொல்ல முடியாது. ஆனால் நம் கூத்து ஜமா அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அவர்கள் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் வேண்டிய கல்யாண முருங்கைக் கட்டை நம் வேலியிலிருந்து போகிறது. எடை இல்லாத மரம், விடிய விடிய தலையில் வைத்து ஆடலாம். அதைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டி, பங்குனியில் அர்ச்சுனன் தலையில் நம் ஊருக்கே திரும்பி வருகிறது. நாங்கள் களி என்பதைத் தெலுங்கு பேசுகிற இவர்கள் சங்கட்டி என்கிறார்கள். மார்கழிச் சாணிப் பிள்ளையார் மேல் நாங்கள் பூசணிப்பூ வைத்தால், இவர்கள் சாணி உருண்டையில் கொப்பெம்மா செய்து அதே பூசணிப்பூவை வைக்கிறார்கள். இதற்கெல்லாம் எந்த ஆபீஸிலும் கையெழுத்து வாங்கவில்லை.

தம்பி, இப்போது உங்களுக்கு. உங்கள் சம்பளத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய பஸ்ஸில் வருகிற பணம் அது, எனக்குத் தெரியும். பறைக்காரத் தம்பிகளுக்கு முன்கூட்டியே முழுக் கூலி கொடுக்க முடிகிறது என்றால் அது உங்களைப் போன்றவர்கள் அனுப்புவதால்தான். ஆனால் நீங்கள் பதினெட்டு நாள் என்று சொன்னீர்களே, ஊர் உங்களிடம் பதினெட்டு நாள் கேட்கவில்லை. என் நாத்தனார் மகள் பெங்களூரில் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கும் லீவு இல்லை. தை பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கரகத்துக்கு நூல் குஞ்சம் கட்டுகிறாள். மொத்தம் நூற்றெட்டு. முதல் வருஷம் அனுப்பியதில் பாதி அவிழ்ந்துவிட்டது, போனில் சொன்னேன், அழுதாள். இரண்டாம் வருஷம் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அவிழவில்லை. கரகம் ஊர்வலத்தில் வரும்போது வீடியோ கால் போடச் சொல்வாள். அம்மன் முகத்தைக் கூட அப்புறம்தான் பார்ப்பாள், முதலில் குஞ்சத்தைத்தான் காட்டச் சொல்வாள். அவள் அதே வருஷம் இரண்டாயிரம் ரூபாயும் அனுப்பினாள். அதைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை.

உங்கள் அப்பா பீமனின் கதாயுதத்துக்குப் பிடி கட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? பழைய சேலையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே மஞ்சள் துணி. அந்தப் பிடி போன வருஷம் வேஷக்காரர் கையில் சுற்றிக்கொண்டு நழுவியது. கட்டத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. உங்கள் வீட்டில் அவர் கட்டிய பழைய கதாயுதம் ஒன்று பரணில் இருக்கிறது என்று உங்கள் அம்மா சொன்னார். அதைப் பிரித்துப் பார்த்தால் எப்படிச் சுற்றினார் என்று தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்களுடையது. மாசி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரியின் கிழக்கு மதகுக்குப் பக்கத்தில் மண் எடுக்கிறோம். அன்றைக்குத் தம்பிக்கு ஷிப்ட் இல்லை என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டேன். அவர்கள் பையனுக்கு ஆறு வயது, அவனையும் கூட்டி வரட்டும். பாட்டிக்கு இந்த வருஷம் கண் சுத்தமாக மங்கிவிட்டது, ஆனாலும் நாற்காலியில் வருகிறேன் என்கிறார். மண்ணை உருட்டிப் பார்க்க அவருக்குக் கண் வேண்டாம். அந்தப் பையன் ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தால் போதும்.

வணக்கம்.